ஒரு கட்டடத்தைப் பிடித்துக்கொண்டு களக்குறிப்புகளைப் படிப்பது எப்படி: ஹெர்ட்ஸ்ஃபெல்ட் ஆவணங்கள் வழியாக

பழைய பாரசீகக் கட்டடங்கள் மேலோ ஆரம்பகால இஸ்லாமியக் கட்டடங்கள் மேலோ ஈடுபாடு வந்தவர்கள் ஒரு கட்டத்தில் அகழாய்வாளர்களின் மூலக் குறிப்புகளைத் தேடிப் போவார்கள். போனதும் திணறிப்போவார்கள். ஆயிரக்கணக்கில் கண்ணாடி நெகட்டிவ், புரியாத கையெழுத்தில் நோட்டுகள், எந்த ஊர் என்றே தெரியாத சுவர்கள். கொஞ்ச நேரம் படம் பார்த்துவிட்டு, பிடித்ததை நாலு பேருக்கு அனுப்பிவிட்டு, அதோடு நிறுத்திக்கொள்கிறவர்களே அதிகம். அப்படி நிறுத்திவிடாமல் உள்ளே போய் வேலை செய்ய விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜெர்மன் தெரிய வேண்டியதில்லை, பட்டம் வேண்டியதில்லை. பொறுமையும் ஒரு ஒழுங்கும் இருந்தால் போதும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே ஒருவரை எடுத்துக்கொள்கிறேன்: எர்ன்ஸ்ட் ஹெர்ட்ஸ்ஃபெல்ட். 1879-ல் ஜெர்மனியில் பிறந்தவர், கட்டடக்கலை படித்தவர், அதனால் எதைப் பார்த்தாலும் அளவு எடுக்கிறவர். 1903-லிருந்து 1905 வரை அசீரியர்களின் பழைய தலைநகரான அசூரில், அகழாய்வாளர் வால்டர் ஆந்த்ரேயிடம் உதவியாளராக இருந்தார். 1907-08-ல் கலை வரலாற்றாளர் ஃப்ரீட்ரிக் ஸார்ரேயுடன் யூப்ரடீஸ், டைக்ரிஸ் கரையெல்லாம் சுற்றினார். 1911 முதல் 1913 வரை, இன்றைய ஈராக்கில் அப்பாஸிய கலீஃபாக்களின் பழைய தலைநகரான சாமர்ராவைத் தோண்டினார். 1923-லிருந்து 1925 வரை ஈரானில் நீண்ட பயணம், 1928-ல் பழைய பாரசீகத் தலைநகரான பசார்காடே, 1931 முதல் 1934 வரை சிகாகோ பல்கலைக்கழகத்துக்காக இன்னொரு பாரசீகத் தலைநகரான பெர்செபோலிஸ். யூத வம்சாவளி என்பதற்காக 1935-ல் பெர்லின் பேராசிரியர் பதவியைப் பறித்தார்கள். அப்புறம் லண்டன், பிரின்ஸ்டன் என்று போய், 1948-ல் பாசலில் இறந்தார். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1946-ல், தன் களக்குறிப்புகளை வாஷிங்டனில் உள்ள ஃப்ரீயர் கலைக்கூடத்துக்குக் கொடுத்தார். அந்தக் கலைக்கூடம் இன்று ஸ்மித்சோனியனின் தேசிய ஆசியக் கலை அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. நாம் இணையத்தில் பார்க்கிறது பெரும்பாலும் அந்தக் கொடையைத்தான்.

இந்தக் காகிதங்களுக்கு இன்று ஏன் இவ்வளவு மதிப்பு என்றால், அதில் இருக்கும் கட்டடங்களில் பல இப்போது இல்லை. சாமர்ராவுக்கு வடக்கே இருந்த இமாம் தூர் கல்லறை, அடுக்கடுக்காகச் சுருங்கிக்கொண்டே மேலே போகும் குவிமாடத்தோடு 11-ஆம் நூற்றாண்டிலிருந்து நின்றது, 2014-ல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அலெப்போ பெரிய மசூதியின் மினார் 2013 ஏப்ரலில் சரிந்தது. மோசூலின் சாய்ந்த மினார் அல் ஹத்பா 2017 ஜூனில் போய்விட்டது, அதைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். சாமர்ரா அரண்மனைச் சுவரோவியங்களில் பெரும்பகுதி முதல் உலகப் போர்க் காலத்திலேயே சிதைந்துபோனது. அங்கே ஹெர்ட்ஸ்ஃபெல்ட் வரைந்த நீர்வண்ணப் படங்களும் எடுத்த புகைப்படங்களும்தான் நமக்கு மிச்சம். அப்படிப்பட்ட ஒரு தாளை அலட்சியமாகப் புரட்ட எனக்கு மனசு வராது. நீங்களும் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பதே என் ஆசை.

ஆளை விட்டுவிட்டுக் கட்டடத்தைப் பிடியுங்கள்

தேடல் பெட்டியில் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் என்று அடித்தால் வருகிற வெள்ளத்தில் எதுவும் கைக்கு அகப்படாது. ஒரு கட்டடத்தைத் தேர்ந்தெடுங்கள், ஒன்றே ஒன்று. சாமர்ரா பெரிய மசூதி என்று வைத்துக்கொள்வோம். அதைப் பற்றிய நாட்குறிப்பு வரி, அங்கேயே நின்று கிறுக்கிய படம், நெகட்டிவ், சுத்தமாக மையிட்டு வரைந்த தரைத்திட்டம், கடைசியில் அச்சான புத்தகப் பக்கம், இந்த வரிசையில் அத்தனையையும் தேடிச் சேர்த்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வரிசை முக்கியம். இடத்தில் நின்று எழுதியது ஒன்று சொல்லும், வருஷங்கள் கழித்து மேஜையில் உட்கார்ந்து வரைந்தது இன்னொன்று சொல்லும். இரண்டும் மோதினால் நான் எப்போதும் முதலில் நம்புவது, அழுக்காக, அவசரமாக, பென்சிலில் எழுதிய அந்தப் பக்கத்தைத்தான்.

எது எங்கே இருக்கிறது

வாஷிங்டன் தொகுப்பில் பயண நாட்குறிப்புகள், வரைபட நோட்டுகள், குறிப்பேடுகள், புகைப்படக் கோப்புகள், கண்ணாடி நெகட்டிவ்கள், பெரிய வரைபடங்கள், கல்வெட்டுப் படிகள், சாமர்ரா அகழாய்வுப் பதிவுகள் எல்லாம் தனித்தனி வரிசைகளாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஸ்மித்சோனியனின் சோவா என்ற ஆவணத் தளத்தில் இந்தத் தொகுப்பின் முழு உள்ளடக்கப் பட்டியல் இருக்கிறது. படங்களுக்குள் குதிப்பதற்கு முன்னால் அந்தப் பட்டியலைத் தலைமுதல் கால்வரை ஒருமுறை படித்துவிடுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் எந்த வரிசையில் என்ன இருக்கிறது என்று மனதில் பதிந்துவிட்டால் பிறகு தேடுவது பாதியாகக் குறையும். ஒவ்வொரு தாளுக்கும் எஃப்.எஸ்.ஏ. ஏ.6 (FSA A.6) என்று தொடங்கும் குறியீடு உண்டு. அதில் ஜி.என். (GN) என்ற எழுத்துகள் வந்தால் அது கண்ணாடி நெகட்டிவ். பிற்கால ஆய்வு நூல்களில் என் (N), டி (D) என்ற எழுத்துகளுக்குப் பிறகு ஒரு எண் வந்தால் அவை குறிப்பேட்டையும் வரைபடத்தையும் காட்டும்.

எல்லாமே வாஷிங்டனில் இல்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 1940-களில் அவருடைய நூலகத்தையும் காகிதங்களில் ஒரு பங்கையும் வாங்கியது. பெர்செபோலிஸ் பயணக்குழுவின் புகைப்படங்கள் சிகாகோ பல்கலைக்கழகத்தில், முன்பு ஓரியண்டல் இன்ஸ்டிடியூட் என்று பெயர் கொண்டிருந்த நிறுவனத்தில் இருக்கின்றன. பெர்லினிலும் சாமர்ரா சம்பந்தப்பட்டவை உண்டு. தோண்டியெடுத்த பொருள்களின் கதை இன்னும் சிக்கல்: சாமர்ராவில் பெட்டிகளில் கட்டி வைத்திருந்தவை போருக்குப் பிறகு பிரிட்டிஷார் கைக்குப் போய், லண்டன் வந்து, அங்கிருந்து பல நாட்டு அருங்காட்சியகங்களுக்குப் பிரிந்து போயின. ஆகவே ஒரு சுதைப் பலகையின் பாதி ஒரு ஊரிலும், அது எந்த அறையின் எந்தச் சுவரில் இருந்தது என்ற குறிப்பு வேறொரு ஊரிலும் கிடப்பது சகஜம். இரண்டையும் சேர்த்து வைப்பதுதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ஒரே இடத்துக்கு நாலு பெயர்

தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் இன்றைய பெயரை மட்டும் போட்டுத் தேடியிருப்பார்கள். பசார்காடே பழைய தாள்களில் மஷ்ஹதே முர்காப் என்று இருக்கலாம், அந்தச் சமவெளியின் பெயர் அது. கோரேஷ் (சைரஸ்) அரசரின் கல்லறையை அந்த வட்டார மக்கள் சுலைமானின் தாயார் அடங்கிய இடம் என்றே பல நூற்றாண்டாக அழைத்து வந்தார்கள், அதனால் மஷ்ஹதே மாதரே சுலைமான் என்றும் தேட வேண்டும். பெர்செபோலிஸுக்கு தக்தே ஜம்ஷீத், இன்னும் பழைய பயணிகள் எழுத்தில் சேஹெல் மினார். சாமர்ராவின் தெற்கே உள்ள பல்குவாரா அரண்மனையை அந்த ஊர்க்காரர்கள் மன்கூர் என்பார்கள். ஹெர்ட்ஸ்ஃபெல்ட் ஜௌசக் அல் காகானி என்று எழுதும் அரண்மனையை இன்றைய நூல்கள் தாருல் கிலாஃபா என்ற பெயரில் பேசும்.

பெர்செபோலிஸில் கட்டடங்களின் பெயர்களே மாறிவிட்டன. 1935-ல் ஹெர்ட்ஸ்ஃபெல்டுக்குப் பதிலாக வேலையை ஏற்ற எரிக் ஷ்மிட் தன் அறிக்கைகளில் வேறு பெயர்கள் வைத்தார். ஹெர்ட்ஸ்ஃபெல்டின் ட்ரிபைலான் ஷ்மிட்டிடம் ஆலோசனை மண்டபம் ஆகிவிட்டது, நூறு தூண் மண்டபம் சிம்மாசன மண்டபம் ஆகிவிட்டது. தெரியாமல் போனால் ஒரே கட்டடத்தை இரண்டு கட்டடமாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

சாமர்ராச் சுதைவேலையில் இதைவிட மோசமான குழி ஒன்று உண்டு. ஹெர்ட்ஸ்ஃபெல்ட் அந்த அலங்காரத்தை முதல் பாணி, இரண்டாம் பாணி, மூன்றாம் பாணி என்று பிரித்தார். பின்னால் வந்த இஸ்லாமியக் கட்டடக்கலை ஆய்வாளர் கிரெஸ்வெல் ஏ, பி, சி என்று பிரித்தார். பார்த்த மாத்திரத்தில் முதல் பாணியும் ஏ-யும் ஒன்று என்று தோன்றும். அப்படி இல்லை, தலைகீழ். ஹெர்ட்ஸ்ஃபெல்டின் முதல் பாணி, அதாவது விளிம்பு சரிந்து வெட்டப்பட்ட, அச்சில் வார்த்தது போன்ற அந்த வடிவங்கள், கிரெஸ்வெல்லின் சி. திராட்சைக் கொடி ஓடும் மூன்றாம் பாணிதான் ஏ. இணையத்தில் இதை மாற்றிப் போட்ட படக்குறிப்புகளை அடிக்கடி பார்க்கலாம். படத்தைப் பார்த்து நீங்களே முடிவுசெய்யுங்கள், குறிப்பை மட்டும் நம்ப வேண்டாம்.

அளவுப் பக்கத்தை வாசிப்பது

இதில்தான் நேரம் செலவிட வேண்டும். ஒரு கட்டடத்தை அளந்த பென்சில் பக்கம் எப்படி இருக்கும் என்றால், நடுவில் கையால் போட்ட தரைத்திட்டம், கோடு நேராகவே இருக்காது, ஆனால் ஒவ்வொரு சுவருக்கும் பக்கத்தில் எண்கள் சங்கிலி மாதிரி ஓடும். அந்த எண்கள்தான் உண்மை, படத்தின் வடிவம் நினைவுக்குப் போட்டது. எண்ணும் படமும் முரண்பட்டால் எண்ணின் பக்கம் நில்லுங்கள்.

ஜெர்மன்காரர்கள் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுவார்கள். 4,32 என்றால் நாலு மீட்டர் முப்பத்திரண்டு சென்டிமீட்டர். அவர்களுடைய 1 என்ற எண்ணுக்கு மேலே நீளமான கொக்கி இருக்கும், நம் கண்ணுக்கு அது 7 மாதிரியே படும். அவர்கள் 7-க்கு நடுவில் குறுக்கே ஒரு கோடு இருக்கும். ஆகவே பக்கத்தில் எங்காவது குறுக்குக் கோடு போட்ட 7 ஒன்றை முதலில் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் 1 என்று தெளிவாகும். சில சமயம் மீட்டர் இல்லாமல் காலடி எண்ணிக்கை இருக்கும், ஜெர்மனில் ஷ்ரிட்டே. பயணத்தில் போகிற போக்கில் பார்த்த இடங்களுக்கு அப்படித்தான் எழுதுவார்கள். அதை மீட்டராக எடுத்துக்கொண்டால் கட்டடம் உண்மையில் இருப்பதைவிடப் பெரிதாகிவிடும்.

திசை எழுத்து பெரிய ஆபத்து. ஜெர்மன் தாளில் ஓ (O) என்ற எழுத்து ஓஸ்ட், அதாவது கிழக்கு. பிரெஞ்சுத் தாளில் அதே ஓ என்ற எழுத்து உவெஸ்ட், மேற்கு. ஈரானில் பிரெஞ்சுக்காரர்கள் நிறைய வேலை செய்திருக்கிறார்கள், 1900-லிருந்து 1927 வரை அகழாய்வு உரிமையே அவர்களுக்கு மட்டும்தான், தொல்பொருள் துறையை நெடுங்காலம் நடத்திய ஆந்த்ரே கொதாரும் பிரெஞ்சுக்காரர். ஆகவே ஒரே இடத்தைப் பற்றி இரண்டு மொழித் தாளும் உங்கள் மேஜையில் இருக்கும்போது, ஓ என்று கண்டதும் நிறுத்தி, எந்த மொழி என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

கோட்டின் வகையையும் கவனியுங்கள். தடித்து நிரப்பியது கண்ணால் பார்த்த சுவர், புள்ளிக்கோடு ஊகம், கேள்விக்குறி போட்டிருந்தால் அவருக்கே சந்தேகம். அச்சான புத்தகத்துக்கு வரும்போது இந்தக் கேள்விக்குறி காணாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கட்டடத்தின் இன்றைய தரைத்திட்டம் முழுவதும் அந்தக் காணாமல் போன ஒரு கேள்விக்குறியின் மேல் நிற்கக்கூடும்.

கையெழுத்து பற்றி: அந்தத் தலைமுறை ஜெர்மானியர் பலரும் குர்ரென்ட் என்ற பழைய எழுத்துமுறையில் பழகியவர்கள், அதில் e-யும் n-னும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ட்ரான்ஸ்கிரிபஸ் போன்ற கையெழுத்து வாசிக்கும் மென்பொருள் இப்போது ஓரளவு கைகொடுக்கிறது. அது தரும் வரியை அப்படியே மொழிபெயர்ப்பில் போடாமல், முதலில் ஊர்ப் பெயர்களையும் எண்களையும் மட்டும் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் மென்பொருள் அதிகம் தடுமாறுவது அவற்றில்தான். கட்டடக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் ரொம்பக் குறைவு. தரைத்திட்டம், வெட்டுமுகம், செங்கல், சுதை, வளைவு, குவிமாடம், வாசல், கிணறு என்று ஒரு சின்னப் பட்டியல் போட்டு ஜெர்மன் சொல்லை எதிரே எழுதி ஒட்டிவைத்தால், சில வாரங்களில் கண்ணே பழகிவிடும்.

கல்வெட்டுப் படிகள்

நம் ஊர் மைப்படியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தப் படிகள் முதலில் குழப்பும். இவற்றில் மை இல்லை. ஈரத்தாளைக் கல்லின் மேல் வைத்து, கெட்டி மயிர் பிரஷ்ஷால் அடித்து, எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, காய்ந்ததும் உரித்தெடுப்பார்கள். கல்லைத் தொட்ட பக்கத்தில் எழுத்து மேடாக, இடவலம் மாறி இருக்கும். பின்பக்கத்தில் பள்ளமாக, நேராக இருக்கும். காப்பகம் எந்தப் பக்கத்தைப் படம் எடுத்திருக்கிறது என்பது முதல் கேள்வி. மாறியிருந்தால் படத்தைத் திருப்பிப்போடுங்கள். அப்புறம் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள், அதைத் தவறாகப் புரிந்துகொண்டால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் கண் ஏமாறும். படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் சில நேரம் சட்டென்று சரியாகிவிடும். ஆப்பெழுத்துக்கு இந்த வகைப் படி பிரமாதமாக வரும். ஆழமில்லாமல் செதுக்கிய அரபுக் கல்வெட்டில் கொஞ்சம் சிரமம்.

புகைப்படம்

கண்ணாடி நெகட்டிவை எந்தப் பக்கமும் ஸ்கேன் செய்யலாம் என்பதால் படம் இடவலம் மாறி ஏறியிருக்கக்கூடும். எழுத்து இருந்தால் எளிது. எழுத்தே இல்லாத படத்தில் கட்டடத்தின் உடம்பிலேயே அடையாளம் தேட வேண்டும். சாமர்ரா பெரிய மசூதியின் மல்வியா மினார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சுமார் 52 மீட்டர் உயரம், வெளிப்புறமாகச் சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுப் பாதை. மேலிருந்து பார்த்தால் அந்தப் பாதை கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றுகிறது, அதாவது ஏறுகிறவருக்குக் கோபுரம் எப்போதும் இடது கைப் பக்கம். வெளியே நின்று எடுத்த படத்தில் நம்மைப் பார்த்த முகத்தில் சரிவு இடமிருந்து வலமாக உயர வேண்டும். வலமிருந்து இடமாக உயர்ந்தால் படம் மாறியிருக்கிறது, சந்தேகமே வேண்டாம்.

அதே ஊருக்கு வடக்கே அபூ துலஃப் மசூதி இருக்கிறது, அங்கேயும் சுழல் மினார் உண்டு, அளவில் மிகச் சின்னது. ஆள் யாரும் நிற்காத படத்தில் உயரம் தெரியாது, ஒன்றை இன்னொன்றாகக் குறித்துவிடுவது சுலபம். மினாரை விடுங்கள், பின்னால் என்ன தெரிகிறது என்று பாருங்கள். பெரிய மசூதியில் அரைவட்டக் கொத்தளங்களோடு சுட்ட செங்கல் வெளிச்சுவர் நிற்கிறது, உள்ளே தூண் ஒன்றும் இல்லை, வெறும் திடல். அபூ துலஃபில் நேர் எதிர்: வெளிச்சுவர் சுடாத பச்சைச் செங்கல் என்பதால் பெரும்பாலும் கரைந்துவிட்டது, உள்ளே இருக்கும் செங்கல் வளைவு வரிசைகள் நிற்கின்றன. மூலையில் வளைவு வரிசையின் ஒரு துண்டு தெரிந்தாலே போதும்.

நிழலும் பேசும். அந்த அட்சரேகையில் நடுப்பகலில் சூரியன் தெற்கே இருக்கும், நிழல் வடக்கே விழும். நாட்குறிப்பில் காலை எந்த இடத்தில் இருந்தார், மாலை எந்த இடத்தில் என்று தெரிந்தால், நிழலை வைத்து எந்த முகப்பு என்று சொல்லிவிடலாம்.

பெர்செபோலிஸ் படங்களில் இன்னொரு எச்சரிக்கை. அங்கே ஹரேம் என்று ஹெர்ட்ஸ்ஃபெல்ட் அழைத்த கட்டடத்தின் ஒரு பகுதியை, கட்டடக் கலைஞர் ஃப்ரீட்ரிக் க்ரெஃப்டர் பழைய அடித்தளத்தின் மேல் திரும்பக் கட்டி, பயணக்குழு தங்கும் வீடாக ஆக்கினார். இப்போது அது அருங்காட்சியகம். முழுசாகத் தூணும் கூரையும் தெரிகிற படத்தைப் பார்த்து 2,400 வருஷம் அப்படியே நின்றிருக்கிறது என்று மயங்கிவிட வேண்டாம், தேதியைப் பாருங்கள்.

தேதிகள்

தாளில் மூன்று நான்கு நாட்காட்டிகள் கலந்து கிடக்கும். கல்வெட்டில் ஹிஜ்ரி சந்திர ஆண்டு. 1920-களுக்குப் பிந்தைய ஈரானிய அரசுக் கடிதத்தில் சூரிய ஹிஜ்ரி. சாமர்ராவில் வேலை நடந்தபோது அது உஸ்மானிய நிலம் என்பதால் அலுவலகத் தாளில் ரூமி ஆண்டு வரலாம், அதில் 1327 என்றால் 1911 மார்ச்சில் தொடங்கும் ஆண்டு. 1312 என்று ஈரானியத் தாளில் பார்த்தால் சூரியக் கணக்கில் அது 1933-34, சந்திரக் கணக்கில் 1894-95. நாற்பது வருஷ வித்தியாசம்! சந்திர ஆண்டு நம் ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு, பெரும்பாலும் இரண்டு கிறிஸ்தவ ஆண்டுகளில் கால் வைத்திருக்கும். இஸ்ஃபஹான் வெள்ளிக்கிழமை மசூதியின் வடக்குக் குவிமாடத்தில் 481 என்று இருக்கிறது, அதை 1088-89 என்று இரட்டையாகவே எழுதுங்கள். ஒற்றை ஆண்டு போட்டால் நாம் இல்லாத துல்லியத்தைக் கொடுத்துவிடுகிறோம்.

குறிப்பில் இல்லாதது

ஒரு இடத்தைப் பற்றிப் படமே இல்லை என்றால் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் போகவில்லை என்று அர்த்தமில்லை. ஈரானில் 1930 வாக்கு வரை முஸ்லிம் அல்லாத வெளிநாட்டவர் மசூதிகளுக்குள் போவது பெரும்பாலும் முடியாத காரியம், அதனால் வெளிப்புறம் நிறைய, உள்புறம் ஒன்றும் இல்லை என்று இருக்கும். மசூதிகளின் உள்புறத்தைப் பார்க்க 1930-களில் ஈரானில் வேலை செய்த மைரன் பெமென்ட் ஸ்மித்தின் தொகுப்புக்குப் போங்கள், அதுவும் அதே வாஷிங்டன் காப்பகத்தில்தான் இருக்கிறது, இஸ்ஃபஹானுக்கு அது தங்கச் சுரங்கம். 1923-லிருந்து 1925 வரையிலான ஈரான் பயணத்தில் தோண்டிய பதிவு இல்லாததற்குக் காரணம் முன்னே சொன்ன பிரெஞ்சு உரிமை, அவரால் பார்க்க, அளக்க, வரைய மட்டும்தான் முடிந்தது.

வேறு வகை மௌனமும் இருக்கிறது. மண்ணை அள்ளியவர்கள் பெயர் அனேகமாகப் படக்குறிப்பில் இருக்காது. உயரம் காட்டுவதற்காகச் சுவரோரம் நிறுத்தப்பட்டவர், கையில் அளவுகோலோடு நேராக நம்மைப் பார்க்கிறார், கீழே கட்டடத்தின் பெயர் மட்டும். கூலிப் பட்டியலோ கணக்கு நோட்டோ கண்ணில் பட்டால் தாண்டிப் போகாதீர்கள், பெயர்கள் அங்கேதான் கிடைக்கும். கிடைத்தால் உங்கள் குறிப்பில் எழுதுங்கள். அப்புறம், தொல்பொருள்களை நாட்டைவிட்டு வெளியே அனுப்பியதாக ஹெர்ட்ஸ்ஃபெல்ட் மேல் குற்றச்சாட்டு எழுந்தது, பெர்செபோலிஸிலிருந்து அவர் விலகிய சமயத்தில் அதுவும் பேசப்பட்டது. ஒரு பொருள் எங்கே கிடைத்தது என்ற இடத்தில் குறிப்பு வழக்கத்துக்கு மாறாகச் சுருங்கினால், அகழாய்வில் கிடைத்ததா, கடையில் வாங்கியதா என்று தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். அவருடைய கண்ணையும் கையையும் மதிக்கிறேன், அதற்காக இந்தக் கேள்வியை விட்டுவிட முடியாது.

பக்கத்துச் சாட்சிகள்

ஒருவருடைய காகிதத்தை அவருடைய காகிதத்தை வைத்தே சரிபார்த்தால் வட்டத்துக்குள் சுற்றுவதாகிவிடும். அதே இடத்துக்குப் போன இன்னொருவரைக் கூப்பிடுங்கள். ஆங்கிலேயப் பயணி கெர்ட்ரூட் பெல் 1909-ல் சாமர்ராவுக்குப் போயிருக்கிறார், அகழாய்வு தொடங்குவதற்கு முன்னால். அவருடைய நாட்குறிப்பு, கடிதம், புகைப்படம் மூன்றும் நியூகாஸில் பல்கலைக்கழகத் தளத்தில் உண்டு, கடிதங்களைத் தட்டச்சு செய்தே போட்டிருக்கிறார்கள். கிரெஸ்வெல்லின் நெகட்டிவ்கள் ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியனில். பெர்செபோலிஸுக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் எரிக் ஷ்மிட் 1935-லிருந்து 1937 வரை விமானத்திலிருந்து எடுத்த படங்கள் அபாரமானவை, தரையில் நின்று அளந்த திட்டம் மேலிருந்து பொருந்துகிறதா என்று உடனே தெரியும். சாமர்ராவுக்கு 1960-களின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள் படங்களைப் பாருங்கள், 1995-ல் ரகசியம் நீக்கி வெளியிட்டவை. நவீன ஊர் பரவுவதற்கு முந்தைய நிலை அதில் பதிந்திருக்கிறது. கரைந்துபோன பச்சைச் செங்கல் சுவர்கள்கூட கோடுகளாகத் தெரியும்.

கிழக்கு ஈரானில் சீஸ்தானின் கூஹே கவாஜா மாதிரி இடத்துக்கு இது இன்னும் அவசியம். ஹெர்ட்ஸ்ஃபெல்ட் 1920-களில் அங்கே சுவரோவியங்களைப் பதிவுசெய்தார், அவருக்குப் பத்து வருஷம் முன்னாலேயே தொல்லியலாளர் ஆரல் ஸ்டைன் போய் வந்துவிட்டார், ஸ்டைன் பெயர்த்தெடுத்த துண்டுகள் சில தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எந்தத் துண்டு எந்தச் சுவர் என்று கேட்டால் இருவர் காகிதத்தையும் திறந்துதான் ஆக வேண்டும்.

நீங்கள் எழுதிவைக்கும் பட்டியல்

எக்ஸெல் போதும். கட்டடம், தாளில் உள்ள பெயர், இன்றைய பெயர், தேதி எழுதியிருக்கும் விதத்திலேயே, நம் தேதி, தாளின் வகை, காப்பகக் குறியீடு, பக்கம், கேமரா பார்க்கும் திசை, அவர் சொன்னது, நான் ஊகிப்பது. கடைசி இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டுவிடாதீர்கள், கொஞ்ச நாள் கழித்து எது யார் சொன்னது என்று உங்களுக்கே தெரியாமல் போகும். படத்தைக் கணினியில் சேமிக்கும்போது கோப்பின் பெயரிலேயே குறியீட்டைச் சேருங்கள். பயன்பாட்டு உரிமையை ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் தனியாகப் பாருங்கள், ஸ்மித்சோனியன் 2020-ல் லட்சக்கணக்கான படங்களை முழுச் சுதந்திரத்தோடு திறந்துவிட்டது என்பதற்காக எல்லாப் படமும் அப்படி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

காப்பாளருக்கு எழுதும்போது

இணையத்தில் ஏறாதது இன்னும் நிறைய இருக்கும், தயங்காமல் எழுதிக் கேளுங்கள். ஹெர்ட்ஸ்ஃபெல்ட் சாமர்ராப் படங்கள் எல்லாம் வேண்டும் என்று எழுதினால் பொதுவான ஒரு பதில்தான் வரும். இன்ன குறியீடு கொண்ட குறிப்பேட்டில், இன்ன பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் இந்த வாசலின் வெட்டுமுகம் தொடர்கிறதா, தொடர்ந்தால் அளவு எண்கள் வாசிக்கும்படி ஸ்கேன் கிடைக்குமா என்று கேட்டால், அங்கே உட்கார்ந்திருப்பவர் எழுந்து போய்ப் பெட்டியைத் திறப்பார். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று இரண்டு வரி, இதுவரை என்னென்ன பார்த்துவிட்டீர்கள் என்று இரண்டு வரி. தொகுப்பின் படக்குறிப்பில் பிழை கண்டுபிடித்திருந்தால், அபூ துலஃபைப் பெரிய மசூதி என்று போட்டிருந்தாலோ படம் இடவலம் மாறியிருந்தாலோ, காரணத்தோடு அதையும் அதே கடிதத்தில் சேர்த்து எழுதுங்கள். திருத்துகிறார்கள்.